மாவுக்கட்டுக்கு முந்தைய ஐந்து மணி நேரம்

அந்தப் படத்தைப் பார்க்காதவர் சென்னையில் இருக்க மாட்டார். அரசு மருத்துவமனை பெஞ்சில் இரண்டு மூன்று இளைஞர்கள் வரிசையாக உட்கார்ந்திருப்பார்கள். முழங்கைக்கு மேல்வரை வெள்ளை வெளேரென்று மாவுக்கட்டு. ஒருவருக்குக் காலிலும் இருக்கும். யாரும் கேமராவைப் பார்க்க மாட்டார்கள். கீழே செய்தி: போலீஸ் பிடியிலிருந்து தப்ப முயன்றபோது கழிவறையில் வழுக்கி விழுந்து கை முறிந்தது. டீக்கடையில் அந்தச் செய்தியைச் சத்தமாக வாசிப்பவர் 'வழுக்கி விழுந்து' என்ற இடத்தில் நிறுத்திச் சிரிப்பார். கேட்டுக்கொண்டிருப்பவர்களும் சிரிப்பார்கள். அடித்தது யார் என்று எல்லோருக்கும் தெரியும், அது தப்பில்லை என்று எல்லோரும் நினைக்கிறார்கள் என்பதுதான் அந்தச் சிரிப்பின் பொருள்.

2025 மே மாதம் சென்னை உயர் நீதிமன்ற அமர்வு ஒன்று, இப்படிக் கை கால் முறிந்த ஒருவருக்குச் சிகிச்சை கேட்டு வந்த வழக்கில், போலீசாரிடம் நேராகவே கேட்டது: ஸ்டேஷன் கழிவறைகளில் குற்றம் சாட்டப்பட்டவர்கள் மட்டும்தான் வழுக்கி விழுகிறார்களா, அதே கழிவறைக்குப் போகும் போலீசார் விழுவதில்லையா? இது தொடர்ந்தால் சம்பந்தப்பட்டவர்கள் வேலையை இழக்க நேரிடும் என்றும் எச்சரித்தது. அந்தக் கேள்வி மறுநாள் எல்லாப் பத்திரிகைகளிலும் வந்தது. மாவுக்கட்டுப் படங்கள் அதற்குப் பிறகும் வந்தன.

பெரிய ரவுடிகள், கூலிப்படை, என்கவுன்டர் எல்லாம் தனி விவாதம். நான் சின்னக் கைதுகளைப் பற்றி எழுத வந்தேன். ஹெல்மெட் போடாதவர், குடித்துவிட்டுத் தெருவில் சத்தம் போட்டவர், செல்போன் திருடியிருப்பாரோ என்று சந்தேகிக்கப்பட்டவர், ராத்திரி வண்டிச் சோதனையில் எதிர்த்துப் பேசியவர். ஸ்டேஷனுக்குள் போகும் ஆட்களில் பெரும்பகுதி இவர்கள்தான். போலீஸ் அடி பற்றிய விவாதம் ஒருவர் செத்த பிறகுதான் சூடு பிடிக்கிறது. சாகாமல் கை முறிந்தோ, காது கேட்காமல் போயோ, அவமானத்தோடோ வீடு திரும்பியவர்களைப் பற்றி யாரும் பேசுவதில்லை.

எனக்கு இது எப்போது உறைத்தது என்று சொல்லிவிடுகிறேன். சில வருடங்களுக்கு முன் எங்கள் தெருவில் ஒரு அக்காவின் மகனை, பத்தொன்பது வயசு, மத்தியானம் மூன்றரை மணிக்கு இரண்டு பேர் மஃப்டியில் வந்து பைக்கில் ஏற்றிக்கொண்டு போனார்கள். பக்கத்துத் தெருவில் ஒரு செல்போன் காணாமல் போயிருந்தது. அக்காவோடு நானும் ஸ்டேஷனுக்குப் போனேன். எந்த ஸ்டேஷன் என்பது வேண்டாம். வாசலிலேயே நிறுத்திவிட்டார்கள். 'சார், என்ன கேஸு சார்?' என்று அக்கா கேட்டதற்கு ஸ்டேஷனில் பதிவேடு எழுதும் ரைட்டர் தலை நிமிராமலே சொன்னார்: 'கேஸெல்லாம் ஒண்ணுமில்லம்மா. சும்மா விசாரணைக்குத்தான். அனுப்பிடுவோம், போய் ஓரமா உக்காரு.' ஐந்து மணி நேரம் வேப்பமரத்தடியில் உட்கார்ந்திருந்தோம். எட்டரை மணிக்கு ஒரு தாளில் கையெழுத்து வாங்கினார்கள். அதில் கைது நேரம் இரவு 8.15 என்று எழுதியிருந்தது. மூன்றரை என்று அக்கா சொன்னார். 'அது விசாரணைம்மா, இதுதான் கைது' என்று பதில் வந்தது. பையனுக்கு இடது கை மணிக்கட்டு வீங்கியிருந்தது. அந்த ஃபோன் மூன்றாம் நாள் அதன் சொந்தக்காரர் வீட்டு பீரோவுக்கு அடியிலேயே கிடைத்தது.

அந்த ஐந்து மணி நேரத்தைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை.

முதலில் சட்டம் என்ன சொல்கிறது என்று பார்த்துவிடலாம். போலீஸ் பலத்தைப் பயன்படுத்தவே கூடாது என்று சட்டம் எங்கும் சொல்லவில்லை. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருக்கும் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 43-வது பிரிவு, கைது செய்ய வரும்போது ஒருவர் முரண்டு பிடித்தாலோ தப்ப முயன்றாலோ, கைது செய்வதற்குத் தேவையான எல்லா வழிகளையும் போலீஸ் கையாளலாம் என்கிறது. பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 46-வது பிரிவில் இருந்த அதே ஏற்பாடுதான். ஆனால் மரண தண்டனையோ ஆயுள் தண்டனையோ விதிக்கக்கூடிய குற்றம் சாட்டப்படாத ஒருவரின் உயிரைப் பறிக்கும் உரிமையை அது தரவில்லை. அடுத்து அதே புதிய சட்டத்தின் 46-வது பிரிவு: கைதான ஒருவர் தப்பி ஓடாமல் தடுப்பதற்கு எவ்வளவு கட்டுப்பாடு வேண்டுமோ அதற்கு மேல் துளியும் கூடாது.

இரண்டையும் சேர்த்துப் படித்தால் கோடு எங்கே விழுகிறது என்பது புரியும். ஓடுகிறவரை விரட்டிப் பிடிப்பது, கையை மடக்குவது, தரையில் அழுத்துவது, கத்தியை ஓங்கினால் லத்தியால் தட்டிவிடுவது, இதற்கெல்லாம் சட்டத்தில் இடம் உண்டு. ஆள் கைக்குள் வந்துவிட்டார், ஓடவில்லை, உதறவில்லை என்றால் அந்த நொடியோடு அந்த இடம் முடிந்துவிடுகிறது. அதற்குப் பிறகு விழும் ஓர் அறைகூடக் குற்றம்தான். வாக்குமூலமோ திருட்டுப்பொருள் பற்றிய தகவலோ வாங்குவதற்காகக் காயப்படுத்தினால், பழைய இந்திய தண்டனைச் சட்டத்தின் இடத்தில் வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 120-வது பிரிவின்படி ஏழு ஆண்டு வரை சிறை, கொடுங்காயம் என்றால் பத்து ஆண்டு வரை. எலும்பு முறிவு சட்டப்படி கொடுங்காயம். ஆக, மாவுக்கட்டுப் படங்களில் நாம் பார்ப்பது, அந்தச் செய்திக்குறிப்பு பொய்யாக இருந்தால், பத்து ஆண்டு சிறைக்குரிய குற்றத்தின் தடயம்.

சரி, சின்னக் குற்றத்தில் கைது செய்தே ஆக வேண்டுமா? அதுவும் இல்லை. கைது செய்யும் அதிகாரம் இருப்பது வேறு, கைது செய்யத் தேவை இருப்பது வேறு என்று ஜோகிந்தர் குமார் வழக்கில் 1994-லேயே உச்ச நீதிமன்றம் பிரித்துச் சொன்னது. 2014 ஜூலையில் அர்னேஷ் குமார் வழக்கில் இன்னும் இறுக்கியது: ஏழு ஆண்டு வரை தண்டனை உள்ள குற்றங்களில் எடுத்த எடுப்பிலேயே கைது செய்யக் கூடாது. ஏன் கைது அவசியம் என்று காரணத்தை எழுத வேண்டும். அவசியம் இல்லையென்றால் நேரில் ஆஜராகச் சொல்லி நோட்டீஸ் கொடுக்க வேண்டும். அப்போது 41-ஏ நோட்டீஸ் என்றார்கள், இப்போது அது நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 35(3). புதிய சட்டம் இன்னொன்றையும் சேர்த்திருக்கிறது: மூன்று ஆண்டுக்குக் குறைவான தண்டனை உள்ள குற்றம், ஆளுக்கு வயது 60-க்கு மேல் அல்லது உடல்நலம் குன்றியவர் என்றால், டி.எஸ்.பி. தகுதிக்குக் குறையாத அதிகாரியின் முன் அனுமதி வேண்டும். செல்போன் திருட்டு, தெருச்சண்டை, போதையில் தகராறு என்று நம் தெருக்களில் நடக்கும் பெரும்பாலானவை இந்த ஏழு ஆண்டு வரம்புக்குள் வந்துவிடும். சென்னை மாநகரக் காவல் சட்டம் 1888-இன் 75-வது பிரிவில் போடும் பெட்டி கேஸ் இன்னும் சிறியது. பொது இடத்தில் குடித்துவிட்டு ரகளை செய்ததற்கு அபராதம் கட்டிவிட்டு வருவதோடு முடிகிற சமாச்சாரம்.

அந்த அளவு சிறிய விஷயங்களில் என்னவெல்லாம் நடந்தது என்பதை இந்த நகரம் பார்த்திருக்கிறது. 2018 ஜனவரியில் பழைய மகாபலிபுரம் சாலையில், சீட் பெல்ட் போடவில்லை என்று நிறுத்தப்பட்ட ஒரு கால் டாக்சி ஓட்டுநர், போலீசார் திட்டி அடித்ததாகச் சொல்லிவிட்டுத் தீக்குளித்தார். பிழைக்கவில்லை. அன்று மற்ற ஓட்டுநர்கள் கார்களை நடுச்சாலையில் நிறுத்தி மறியல் செய்தார்கள். அதே ஆண்டு ஏப்ரலில் தி.நகரில், ஹெல்மெட் போடாமல் தாயையும் சகோதரியையும் பைக்கில் ஏற்றி வந்த ஓர் இளைஞரைப் போலீசார் கம்பத்தோடு சேர்த்துப் பிடித்துக் கையை முறுக்கும் வீடியோ ஊரெல்லாம் சுற்றியது. தாய் கத்திக்கொண்டே இருப்பார். போலீசாரைத் தாக்கியதாக வழக்கு பாய்ந்ததும் அந்த இளைஞர் மீதுதான். யார் முதலில் கை வைத்தது என்று இரண்டு தரப்பும் சண்டை போட்டன. நான் மேலே சொன்ன கோட்டை வைத்துப் பார்த்தால் அந்தக் கேள்வி அவ்வளவு முக்கியமில்லை. அவர் முதலில் தள்ளியிருந்தாலும், பல பேர் சேர்ந்து அவரைப் பிடித்து அடக்கிய பிறகு கையை ஏன் முறுக்கினார்கள் என்பதற்குத்தான் பதில் வேண்டும்.

2022 ஜனவரியில் கொடுங்கையூரில், முகக்கவசம் சரியாக அணியவில்லை என்று பிடிக்கப்பட்ட ஒரு சட்டக் கல்லூரி மாணவர், ஸ்டேஷனில் வைத்து இரவெல்லாம் அடிக்கப்பட்டதாகப் புகார் கொடுத்தார். போலீசார் மீது வழக்குப் பதிவானது. அவர் சட்டம் படிப்பவர். யாரிடம் போக வேண்டும், எதைக் கேட்க வேண்டும் என்று தெரிந்தவர். அவருக்கே இது என்றால், வியாசர்பாடியிலோ கண்ணகி நகரிலோ கொத்து வேலைக்குப் போகிற பையனுக்கு என்ன வழி?

மூன்று மாதம் கழித்து, ஏப்ரல் 18 இரவு, கெல்லீஸ் பக்கம் வண்டிச் சோதனையில் பிடிபட்ட 25 வயது இளைஞர் ஒருவர் தலைமைச் செயலகக் காலனி காவல் நிலையத்துக்குக் கொண்டு போகப்பட்டார். மறுநாள் இறந்துவிட்டார். வாந்தி, வலிப்பு என்று முதலில் சொன்னார்கள். சட்டப்பேரவையிலும் அப்படித்தான் முதலில் பதில் வந்தது. பிரேதப் பரிசோதனையில் உடலில் 13 காயங்கள் இருந்தன. மே மாதத் தொடக்கத்தில் அதே பேரவையில் முதலமைச்சர் எழுந்து, வழக்கு கொலை வழக்காக மாற்றப்படுகிறது என்று அறிவித்தார். ஆறு போலீசார் கைதானார்கள். இரவு நேரத்தில் ஸ்டேஷனில் வைத்து விசாரிக்கக் கூடாது என்று அப்போதைய டி.ஜி.பி. அறிவுறுத்தினார். அடுத்த மாதமே கொடுங்கையூரில் இன்னொரு காவல் மரணம்.

சாத்தான்குளம் இதற்கெல்லாம் முன்னால். 2020 ஜூன், ஊரடங்கு நேரம் தாண்டிச் செல்போன் கடையைத் திறந்து வைத்தார்கள் என்பதில் ஆரம்பித்து, ஸ்டேஷனில் அடிபட்ட தந்தையும் மகனும் அடுத்தடுத்த நாளில் இறந்தார்கள். 2025 ஜூனில் திருப்புவனம் அருகே மடப்புரத்தில் கோயில் காவலாளி. காரில் வைத்த நகையைக் காணோம் என்ற ஒரு புகாரில் தனிப்படை அவரை அழைத்துப் போனது. அடிபட்டு இறந்தார். எஃப்.ஐ.ஆரே போடாமல் தனிப்படை எப்படி விசாரித்தது என்று உயர் நீதிமன்றத்தின் மதுரை அமர்வு கேட்டது. எனக்கு அந்தக் கேள்விதான் எல்லாவற்றையும் விட முக்கியமாகப் படுகிறது.

ஏனென்றால் நம் சட்டத்தில் இருக்கும் பாதுகாப்புகள் எல்லாம் 'கைது' என்ற சொல்லிலிருந்துதான் ஓட ஆரம்பிக்கின்றன. மேற்கு வங்கத்தில் சட்ட உதவிப் பணியில் இருந்த டி.கே. பாசு 1986-இல் எழுதிய ஒரு கடிதத்தை மனுவாக எடுத்துக்கொண்ட உச்ச நீதிமன்றம், 1996 டிசம்பரில் 11 கட்டளைகள் போட்டது. ஒவ்வொரு ஸ்டேஷன் சுவரிலும் அவை பலகையாக மாட்டப்பட்டிருக்க வேண்டும். கைது செய்யும் போலீசார் சட்டையில் பெயர் தெரிய வேண்டும். கைது நேரம், தேதி போட்டுக் குறிப்பு எழுதி, குடும்பத்தில் ஒருவரோ தெருவில் மதிப்புள்ள ஒருவரோ சாட்சிக் கையெழுத்துப் போட வேண்டும். உறவினருக்குத் தகவல் சொல்ல வேண்டும். கேட்டால் உடம்பைச் சோதித்துப் பெரிய காயம், சின்னக் காயம் எல்லாம் குறிக்க வேண்டும். 48 மணி நேரத்துக்கு ஒரு முறை மருத்துவர் பார்க்க வேண்டும். வக்கீலைச் சந்திக்க விட வேண்டும். அரசியல் சாசனத்தின் 22-வது பிரிவோ, 24 மணி நேரத்துக்குள் நீதித்துறை நடுவர் முன் நிறுத்தச் சொல்கிறது. எல்லாம் நல்ல ஏற்பாடுதான். ஆனால் எல்லாவற்றுக்கும் கடிகாரம் ஓடத் தொடங்குவது கைதுக் குறிப்பில் எழுதிய நேரத்திலிருந்து. அந்த நேரத்தை எழுதுவது ரைட்டர்.

'விசாரணைக்குக் கூட்டிட்டுப் போனாங்க' என்று நம் வீடுகளில் சொல்கிறோமே, சட்டத்தில் அப்படி வாய்மொழியாக ஒருவரைப் பைக்கில் ஏற்றிப் போவதற்கு இடமே கிடையாது. சாட்சியாக அழைப்பதற்கே எழுத்துப்பூர்வ அழைப்பு வேண்டும். பெண்களையும் 15 வயதுக்குக் கீழானவர்களையும் 60 வயதைக் கடந்தவர்களையும் ஸ்டேஷனுக்கு வரச் சொல்லக்கூடாது, அவர்கள் வீட்டுக்குப் போய்த்தான் கேட்க வேண்டும். ஆனாலும் அந்தப் பெயரில்லாத நேரம் ஒவ்வொரு நாளும் ஒவ்வொரு ஸ்டேஷனிலும் உருவாகிக்கொண்டே இருக்கிறது. அந்த நேரத்தில் அந்த ஆள் சட்டத்தின் கண்ணுக்கு ஸ்டேஷனில் இல்லை. இல்லாத ஆளை அடித்ததாக எப்படி நிரூபிப்பது? சின்ன வழக்குகளில் இது இன்னும் மோசம். நோட்டீஸ் போதும் என்று நீதிமன்றங்கள் கைதைச் சுருக்கச் சுருக்க, சில இடங்களில் கைது குறையவில்லை, கைது என்று எழுதுவதுதான் குறைந்திருக்கிறது. அடித்துவிட்டுச் சாயங்காலம் அம்மாவை வரச்சொல்லி அனுப்பிவிட்டால் வழக்கும் இல்லை, காகிதமும் இல்லை.

போராட்டக்காரர்களைக் கல்யாண மண்டபத்திலும் சமுதாய நலக்கூடத்திலும் அடைத்து வைத்து மாலையில் விடுவதும் இதற்கு அக்கா தங்கை முறைதான். 2025 ஆகஸ்ட் 13 நள்ளிரவில் ரிப்பன் மாளிகை வாசலில் போராடிக்கொண்டிருந்த தூய்மைப் பணியாளர்களை அப்புறப்படுத்தியபோது, அவர்களையும் உடனிருந்த வக்கீல்களையும் எங்கே கொண்டு போனார்கள் என்று தேடி அலைந்தவர்களுக்கு அந்த ராத்திரி மறக்காது.

அப்புறம் நடுவரும் டாக்டரும். ரிமாண்டுக்கு முன் இந்த இரண்டு பேர் கண்ணில் ஒருவர் பட்டே ஆக வேண்டும். 'போலீஸ் அடிச்சாங்களா?' என்று நடுவர் கேட்க வேண்டும். கேட்கவும் செய்கிறார்கள். ஆனால் அடித்தவர் பக்கத்திலேயே நின்றுகொண்டிருக்கும்போது, வெளியே போனால் அதே ஜீப்பில்தான் ஏற வேண்டும் என்று தெரியும்போது, பத்தொன்பது வயசுப் பையன் என்ன சொல்வான்? 'இல்லை' என்பான். 'வழுக்கி விழுந்துட்டேன்' என்பான். டாக்டரிடமும் அப்படியே. எழுதும் டாக்டருக்கு இரவுப் பணியில் முப்பது நோயாளிகள் காத்திருப்பார்கள். போலீஸ் சொன்னதே சீட்டில் ஏறும். சாத்தான்குளத்தில் ரிமாண்ட் செய்த நடுவர் அந்த இருவரையும் நெருங்கிப் பார்க்கவே இல்லை என்ற குற்றச்சாட்டு பெரிதாக எழுந்தது. அந்த ஒரு பார்வை இருந்திருந்தால் இரண்டு உயிர் மிஞ்சியிருக்கலாம்.

ஏன் அடிக்கிறார்கள்? கோபம், திமிர், சாதி, எல்லாம் உண்டு. அடிபடுகிறவர்கள் எந்தத் தெருவிலிருந்து வருகிறார்கள் என்று பார்த்தாலே பாதி புரிந்துவிடும். ஆனால் திருட்டு வழக்குகளில் இன்னொரு காரணம் இருக்கிறது, அதற்கு ஸ்டேஷன் பாஷையில் 'ரெகவரி' என்று பெயர். போலீசிடம் கொடுத்த வாக்குமூலம் நீதிமன்றத்தில் செல்லாது. ஆனால் அந்த வாக்குமூலத்தால் ஒரு பொருள் கிடைத்தால், அது சம்பந்தப்பட்ட பகுதி மட்டும் செல்லும். இந்தச் சின்ன வாசல் வழியாகத்தான் முக்கால்வாசி அடியும் உள்ளே வருகிறது. நகை எங்கே, ஃபோன் எங்கே என்று மேலதிகாரி கேட்கிறார். பறிகொடுத்தவர் செல்வாக்குள்ளவராக இருந்தால் மேலே இருந்து ஃபோன் வருகிறது. சிசிடிவி தேடி, செல்போன் டவர் தகவல் வாங்கி, பொறுமையாகக் கண்டுபிடிக்க நாலு நாள் ஆகும். அடிக்க நாலு மணி நேரம் போதும். மடப்புரத்துக்குப் பிறகு முறையான உத்தரவு இல்லாமல் இயங்கிய தனிப்படைகளைக் கலைக்கச் சொன்னார்கள். அழுத்தம் கொடுப்பவர்கள் கலையாமல் படைகளை மட்டும் கலைத்து என்ன ஆகும் என்பது என் கவலை.

இது இன்று நேற்று வந்ததும் இல்லை. 1854-இல் லண்டன் நாடாளுமன்றத்தில் பேச்சு எழுந்து, மதராஸ் மாகாணத்தில் நடக்கும் சித்திரவதை பற்றி விசாரிக்க ஓர் ஆணையம் போட்டார்கள். 1855-இல் அறிக்கை வந்தது. நேரிலும் கடிதத்திலுமாக 1,900-க்கும் மேற்பட்டவர்கள் அந்த ஆணையத்திடம் முறையிட்டிருந்தார்கள். வரி கொடுக்காதவனையும் திருட்டுச் சந்தேகத்தில் பிடித்தவனையும் தாசில்தாரின் சேவகர்கள் ஒரே மாதிரி வதைத்தார்கள். விரல்களைக் கட்டைக்கு நடுவே வைத்து நசுக்கும் கிட்டி, ஆளைக் குனிய வைத்துக் கட்டி வெயிலில் விடுவது, எல்லாம் அதில் பதிவாகியிருக்கின்றன. வரி வசூலையும் காவலையும் பிரிக்க வேண்டும் என்ற முடிவு அதிலிருந்துதான் வலுப்பெற்றது. 1859-இல் மதராஸ் போலீஸ் சட்டம் வந்தது. அதாவது இன்று நாம் பார்க்கும் தமிழ்நாடு போலீஸ், சித்திரவதையை ஒழிக்கும் முயற்சியில் பிறந்த ஒன்று. ஆணையத்தின் மூவரில் ஒருவரான எட்வர்ட் எலியட் இந்த ஊரின் தலைமை மாஜிஸ்திரேட்டாகவும் போலீஸ் சூப்பரின்டெண்டாகவும் இருந்தவர். பெசன்ட் நகரில் நாம் காற்று வாங்கப் போகும் எலியட்ஸ் பீச் அவர் பெயரில்தான் இருக்கிறது. அங்கே போகும்போதெல்லாம் எனக்கு அந்த 1,900 பேர் ஞாபகம் வருகிறார்கள். 

அவசரநிலைக் காலத்தில், 1976 பிப்ரவரியில், சென்ட்ரல் பக்கத்தில் இருந்த பழைய மத்திய சிறையில் மிசா கைதிகள் (விசாரணையில்லாமல் அடைக்க வழிசெய்த மிசா சட்டத்தில் பிடிக்கப்பட்டவர்கள்) அடிக்கப்பட்டதை நீதிபதி இஸ்மாயில் ஆணையம் விசாரித்தது. சென்னையின் முன்னாள் மேயர் சிட்டிபாபு அந்த அடியால் உடல் கெட்டு இறந்தார். அடிபட்டவர்கள் பின்னாளில் இந்த மாநிலத்தை ஆண்டார்கள். காவலில் விழும் அடி என்ன என்பது உடம்பால் தெரிந்த தலைவர்கள் இருந்தும் ஸ்டேஷன் பழக்கம் மாறவில்லை என்பது எனக்கு ஆற்றாமையாக இருக்கிறது.

போலீசார் பக்கத்தையும் சொல்ல வேண்டும், ஒப்புக்குச் சொல்லவில்லை. சின்னக் கைது எப்போது பெரிய ஆபத்தாக மாறும் என்று அவர்களுக்கு முன்கூட்டித் தெரியாது. 2021 நவம்பரில் திருச்சி நவல்பட்டு சிறப்பு உதவி ஆய்வாளர் ஒருவர் ராத்திரியில் ஆடு திருடர்களை விரட்டிப் போய் வெட்டிக் கொல்லப்பட்டார். ஆடு திருட்டு எவ்வளவு சின்ன வழக்கு! சென்னையில் ராத்திரி ரோந்து போகும் ஏட்டுக்கு எதிரே வருகிற பைக்கில் கத்தி இருக்கிறதா என்று தெரியாது. வார விடுமுறை என்பதே 2021-இல்தான் காவலர்களுக்கு முறையாக அறிவிக்கப்பட்டது. பந்தோபஸ்து வந்தால் அதுவும் போகும். பதினாறு மணி நேரம் நின்றுவிட்டு வருபவரிடம் பொறுமையை எதிர்பார்ப்பது கஷ்டம்தான். பிடித்துக் கொடுத்தவன் பத்து நாளில் ஜாமீனில் வந்து அதே தெருவில் சிரித்துக்கொண்டு நிற்பதைப் பார்க்கும் எரிச்சலும் உண்மை. வழக்கு முடிய ஐந்தாறு வருடம் ஆகும் என்று தெரிந்த ஊரில், 'இவனுக்கு நாமே கொடுத்துடுவோம்' என்ற எண்ணம் வருவது எனக்குப் புரிகிறது. செயின் பறிகொடுத்த பெண் கைதட்டுவதும் புரிகிறது. ஆனால் இந்தக் காரணங்கள் எல்லாம் ஓடும்போது, எதிர்க்கும்போது, தெருவில் நடக்கும் பலத்துக்குத்தான் பொருந்தும். பூட்டிய அறைக்குள், சட்டையைக் கழற்றி உட்கார வைத்த பிறகு நடப்பதற்கு இவற்றில் ஒன்றுகூடப் பொருந்தாது.

கேமரா வந்தால் எல்லாம் சரியாகிவிடும் என்று ஒரு நம்பிக்கை இருந்தது. 2020 டிசம்பரில் பரம்வீர் சிங் சைனி வழக்கில் உச்ச நீதிமன்றம், எல்லா ஸ்டேஷனிலும் ஒலியோடு பதிவாகும் சிசிடிவி வேண்டும் என்றது. வாசல், லாக்கப், வராண்டா, இன்ஸ்பெக்டர் அறை என்று பட்டியலே போட்டது. கழிவறைக்கு வெளிப்புறமும் அந்தப் பட்டியலில் உண்டு. பதிவுகளைப் பதினெட்டு மாதம் வைத்திருக்க வேண்டும். அப்படியென்றால் வழுக்கி விழுந்த ஒவ்வொருவரும் கழிவறைக்கு நடந்து போன காட்சியும், தூக்கி வரப்பட்ட காட்சியும் எங்காவது இருக்க வேண்டும். மாவுக்கட்டுச் செய்தி வரும் ஒவ்வொரு முறையும் நாம் கேட்க வேண்டிய முதல் கேள்வி இதுதான்: அந்த வராண்டா பதிவு எங்கே? சாத்தான்குளத்தில் விசாரிக்கப் போன நடுவர் தம் அறிக்கையில் சொன்னது நினைவிருக்கிறதா? ஒரு டெராபைட் அளவுக்கு இடம் இருந்தும் அந்த ஸ்டேஷன் பதிவுகள் அன்றன்றைக்குத் தானாக அழியும்படி அமைக்கப்பட்டிருந்தன. அங்கே உண்மையை வெளியே கொண்டு வந்தது ஒரு பெண் தலைமைக் காவலரின் சாட்சியம். மடப்புரத்தில் யாரோ ஒருவர் மறைந்திருந்து எடுத்த செல்போன் வீடியோ. அரசாங்கம் மாட்டிய கேமராவை விட, பயத்தோடு பார்த்துக்கொண்டிருந்த ஒரு மனிதரே இரண்டு தடவையும் உதவியிருக்கிறார்.

புகார் சொல்லும் இடங்களும் இருக்கின்றன. மாநில மனித உரிமை ஆணையம் கிரீன்வேஸ் சாலையில் இருக்கிறது. அதன் பரிந்துரைகள் வெறும் அறிவுரை அல்ல, அரசைக் கட்டுப்படுத்தும் என்று 2021 பிப்ரவரியில் சென்னை உயர் நீதிமன்றத்தின் முழு அமர்வு தீர்ப்பளித்தது. பெரும்பாலும் இழப்பீட்டில்தான் முடிகிறது. பிரகாஷ் சிங் வழக்கில் 2006-இல் உச்ச நீதிமன்றம், போலீஸ் மீதான புகாரை விசாரிக்க ஓய்வுபெற்ற நீதிபதி தலைமையில் தனி ஆணையம் அமைக்கச் சொன்னது. தமிழ்நாடு 2013-இல் கொண்டு வந்த சட்டத்தில் மாநில ஆணையத்துக்கு உள்துறைச் செயலாளர் தலைவர், மாவட்டத்துக்குக் கலெக்டர். போலீசை நிர்வகிக்கும் துறையின் செயலாளரே போலீஸ் மீதான புகாரையும் கேட்பார் என்றால் யார் நம்பிப் போவார்கள்? சித்திரவதைக்கு எதிரான ஐ.நா. உடன்படிக்கையில் இந்தியா 1997-இல் கையெழுத்துப் போட்டது, இன்றுவரை உறுதிப்படுத்தவில்லை. 2010-இல் மக்களவையில் நிறைவேறிய சித்திரவதைத் தடுப்பு மசோதா அப்படியே காலாவதியானது.

இந்தப் பெரிய சீர்திருத்தங்கள் எப்போது வருமோ தெரியாது. நான் கேட்பது சின்ன விஷயம். ஸ்டேஷன் வாசலைத் தாண்டி உள்ளே போகும் எந்த மனிதரின் பெயரும், போன நேரமும், கூட்டி வந்தவர் பெயரும் அங்கேயே, அப்போதே பதிவாக வேண்டும். கைதோ, விசாரணையோ, சாட்சியோ, என்ன பெயர் வைத்தாலும் சரி. அடுக்குமாடிக் குடியிருப்பு வாசலில் காய்கறி கொண்டு வருபவரிடம்கூட நேரம் எழுதிக் கையெழுத்து வாங்குகிறோம். கைதானவர்களின் விவரத்தைப் பராமரிக்க ஒவ்வொரு ஸ்டேஷனிலும் ஓர் அதிகாரியை நியமிக்க வேண்டும் என்று புதிய சட்டத்தின் 37-வது பிரிவு ஏற்கெனவே சொல்கிறது. அதைக் கைதுக்கு முந்தைய நேரத்துக்கும் நீட்டினால் போதும். பையன் உள்ளே வரும்போது மணிக்கட்டு நன்றாக இருந்தது என்பதற்கு அந்த ஒரு வரி சாட்சியாகிவிடும்.

அதுவரைக்கும் வெளியே இருக்கிறவர்கள்தான் எழுதி வைத்துக்கொள்ள வேண்டும். அந்தக் காலத்து வக்கீல்களுக்கு இது நன்றாகத் தெரியும். பிடித்துக்கொண்டு போன செய்தி வந்ததும் முதல் வேலையாகத் தந்தி ஆபீசுக்கு ஓடுவார்கள். கமிஷனருக்கு ஒன்று, தலைமை நீதிபதிக்கு ஒன்று: இன்னாரை இத்தனை மணிக்கு இந்த ஸ்டேஷனுக்குக் கொண்டு போயிருக்கிறார்கள். தந்தியில் விழும் முத்திரையில் நேரம் இருக்கும், அதை எந்த ரைட்டரும் மாற்ற முடியாது. 2013 ஜூலையோடு தந்தி சேவை நின்றுவிட்டது. இப்போது கமிஷனர் அலுவலகத்துக்கும் மனித உரிமை ஆணையத்துக்கும் மின்னஞ்சல் அனுப்பலாம், 15100 எண்ணில் இலவசச் சட்ட உதவியை அழைக்கலாம். வாசலில் நின்று ஒரு படம் எடுத்தால் அதிலும் நேரம் இருக்கும்.

அக்காவுக்கு அன்று இதெல்லாம் தெரியாது, எனக்கும் தெரியாது. ஆனால் அதற்கப்புறம் எங்கள் தெருவில் இன்னொரு பையனைக் கூட்டிக்கொண்டு போனபோது, அக்கா அவன் அம்மாவுக்கு முன்னால் போய் ஸ்டேஷன் வாசலில் நின்றார். கையில் ஒரு நாற்பது பக்க நோட்டு. ரைட்டர் 'என்னம்மா எழுதறே?' என்று கேட்டார். 'டைம் எழுதறேன் சார். நாலு மணி பத்து நிமிஷம். உங்க பேர் சட்டையில இல்ல, சொல்லுங்க சார், அதையும் எழுதிக்கறேன்' என்றார் அக்கா. பையன் ஐந்தரை மணிக்கு வெளியே வந்தான், இரண்டு கையையும் வீசிக்கொண்டு.